தொப்பியைத் துவைக்கும் முன்

தமிழில் 'தொப்பி' என்கிறோம். மலாய் மொழியில் அது 'தோப்பி', இந்தியில் 'டோப்பி'. மொழி மாறினாலும் சொல் பெரிதாக மாறவில்லை. ஆனால், இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும் பொருள்கள் பலவாகும். அவை ஒன்றுபோல மற்றொன்று இருப்பதில்லை.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டி பாகான் டாலாம் அமைந்துள்ளது. துறைமுகம், தொடர்வண்டி நிலையம், ஃபெரித்துறை ஆகியவை அருகிலேயே இருப்பதால் அதிகாலையிலேயே இவ்வட்டாரச் சாலைகள் பரபரப்பாகிவிடும். அந்நேரத்தில் சாலையோரம் நின்று பார்ப்பவர் எத்தனையோ வகைத் தொப்பிகளைக் காணலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்திருப்பார். துறைமுகத் தொழிலாளி கெட்டியான நெகிழித் தொப்பியும், பள்ளிவாசலுக்குச் செல்பவர் கறுப்பு வெல்வெட் சொங்கோக்கும் அணிந்திருப்பர். சீக்கியர் ஒருவர் நேர்த்தியாகக் கட்டிய தலைப்பாகையோடு நடப்பார். புறப்பாட நடவடிக்கை நாளாக இருந்தால் சீருடை இயக்க மாணவர்கள் வட்டவடிவக் கம்பளித் தொப்பியைச் சாய்வாக அணிந்து செல்வர்.

இத்தொப்பிகள் அனைத்துக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அதுதான் நம் நாட்டு வெப்பமும் வியர்வையும். எனவே, எந்தத் தொப்பியானாலும் ஒருநாள் அழுக்காகும்; அதைத் தூய்மை செய்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மாணவர் ஒருவர், மறுநாள் அணிவகுப்புக்காகத் தம் கம்பளித் தொப்பியைப் பள்ளிச் சீருடையோடு சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போடுகிறார் எனக் கொள்வோம். வெந்நீர், சலவைத்தூள், வேகமான சுழற்சி. ஒரு மணி நேரத்தில் சட்டை பளிச்சென்று வெளிவரும். தொப்பியோ சுருங்கி, தடித்து, தலையில் நுழையாத ஒரு சிறு வட்டமாகியிருக்கும். அதை எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவு திரும்பாது. சட்டைக்கு நன்மை செய்த அதே நீரும் வெப்பமும் தொப்பியைக் கெடுத்தது ஏன்? இக்கேள்விக்கு விடை தெரிந்தால், எந்தத் தொப்பியையும் கெடுக்காமல் தூய்மை செய்துவிடலாம்.

தொப்பியில் படியும் அழுக்கு

தொப்பியில் படியும் அழுக்கு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. அது நம் தலையிலிருந்தே வருகிறது. வியர்வையின் பெரும்பகுதி நீர். அந்நீரில் உப்பும் சிறிதளவு யூரியாவும் கரைந்துள்ளன. இதனோடு தலைத் தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை, உதிர்ந்த தோல் துகள், தலைக்குத் தடவும் எண்ணெய் ஆகியவையும் சேர்கின்றன. நெற்றியைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்பட்டைதான் இவற்றை முதலில் உறிஞ்சுகிறது.

தொப்பியில் தெரியும் கறைகளைக் கூர்ந்து பார்த்தால் இருவகை இருப்பது புலப்படும். விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது உப்பு. வியர்வையிலுள்ள நீர் ஆவியானபின் எஞ்சியது அது. உப்பு நீரில் கரையும்; அதற்குச் சவர்க்காரம் தேவையில்லை. மஞ்சளாகவோ பழுப்பாகவோ படிந்திருப்பது எண்ணெய்ப்பசையும் வியர்வையும் கலந்த கறை. எண்ணெய் நீரில் கரையாது. அதை நீக்கச் சவர்க்காரம் வேண்டும். சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரோடு சேரும். மறுமுனை எண்ணெயோடு சேரும். அது எண்ணெயைச் சிறுசிறு துளிகளாகச் சூழ்ந்துகொள்ள, நீர் அதை இழுத்துச் சென்றுவிடும்.

தொப்பியைத் தூய்மையாக வைத்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. ஈரமும் வெப்பமும் உள்ள உள்பட்டையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் பெருகும். தலையில் படர்தாமரை உள்ளவர் அணிந்த தொப்பியை மற்றவர் அணிந்தால் அந்நோய் பரவக்கூடும். ஆகவே, தொப்பியைப் பிறரோடு பகிராமல் இருப்பதும் தூய்மையின் ஒரு பகுதியே.

வண்ணாந்துறை கற்பிக்கும் பாடம்

துணியின் தன்மையை அறிந்து துவைக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் ஆற்றையொட்டி 'டோபி காட்' என்றழைக்கப்படும் இடம் உள்ளது. தமிழர்கள் அதனை வண்ணாந்துறை என்பர். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஆற்றுநீரை நம்பி அங்கே குடியேறினர். மலாய் மொழியில் சலவை நிலையத்தைக் குறிக்கும் 'டோபி' என்ற சொல்லும் இந்தியாவிலிருந்து வந்ததே. இன்று நம் வீட்டருகே உள்ள 'டோபி லாயான் டிரி' எனும் சுயசேவைச் சலவை நிலையத்தின் பெயரிலும் அச்சொல் வாழ்கிறது.

பழைய சலவைத் தொழிலாளர்கள் துணியை எடுத்தவுடன் நீரில் போட்டுவிடவில்லை. முதலில், எது யாருடைய துணி என்று தெரிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் அழியாத குறியிட்டனர். பின்னர், வெள்ளைத் துணி, சாயத் துணி, பட்டுத் துணி எனப் பிரித்தனர். வெள்ளைப் பருத்தித் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, வெள்ளாவியில் அடுக்கினர். வெள்ளாவி என்பது பெரிய பானையில் நீரைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியில் துணியை வேகவைக்கும் முறையாகும். உவர்மண்ணில் உள்ள காரமும் ஆவியின் வெப்பமும் சேர்ந்து எண்ணெய்ப்பசையை இளக்கும். அதன்பின் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, வெயிலில் காயவைத்தனர்.

காரம், வெப்பம், அடி, வெயில் ஆகிய நான்கையும் பருத்தி தாங்கும். பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. காரத்தையும் வெப்பத்தையும் எதிர்த்து நிற்கும் வலிமை அதற்கு உண்டு. ஆனால், பட்டை வெள்ளாவியில் வைக்கக்கூடாது என்பதும் சாயத் துணியை வெள்ளையோடு சேர்க்கக்கூடாது என்பதும் அத்தொழிலாளர்களுக்குத் தெரியும். ஒரு துணிக்கு மருந்தாவது இன்னொரு துணிக்கு நஞ்சாகலாம் என்பதே வண்ணாந்துறை கற்பிக்கும் பாடம். தொப்பிக்கு அப்பாடம் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஏனெனில், சட்டை என்பது துணி மட்டுமே. தொப்பியோ துணியும் வடிவமும் சேர்ந்தது. அவ்வடிவத்தைத் தாங்கி நிற்க உள்ளே அட்டை, தாள், பசை, நெகிழி, தோல், மூங்கில் என ஏதோ ஒன்று மறைந்திருக்கும். மேலே தெரியும் துணி நீரைத் தாங்கினாலும் உள்ளே மறைந்திருப்பது தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி தொப்பிக்கும் ஏற்றதே.

முதலில் செய்யவேண்டிய மூன்று சோதனைகள்

தொப்பியை நனைக்கும் முன் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துச் சில நிமிடங்களே ஆகும்.

முதலாவது, உள்ளே தைக்கப்பட்டுள்ள குறிப்புச் சீட்டைப் படித்தல். நீர் நிரம்பிய தொட்டியின் படத்தில் கை வரையப்பட்டிருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். தொட்டியின்மேல் பெருக்கல் குறி இருந்தால் நீரில் துவைக்கவே கூடாது. முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் வெளுப்பி சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, முன்விளிம்பைச் சோதித்தல். விரல் நுனியால் விளிம்பைச் சுண்ட வேண்டும். நெகிழி வைத்த விளிம்பு இறுக்கமான ஓசை தரும். வளைத்தாலும் மீண்டும் தன் நிலைக்குத் திரும்பும். அட்டை வைத்த விளிம்பு மந்தமான ஓசை எழுப்பும். பழைய தொப்பிகளில் அட்டை இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அட்டை நீரில் ஊறினால் கூழாகும், காய்ந்தபின் நெளிந்துவிடும்.

மூன்றாவது, சாயத்தைச் சோதித்தல். வெள்ளைத் துணியொன்றை ஈரமாக்கி, தொப்பியின் உட்புறத்தில் வெளியே தெரியாத ஓரிடத்தில் மெல்லத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டினால் அத்தொப்பி சாயம் போகும் என்று பொருள். அதை ஊறவைக்காமல், அழுக்கான இடத்தை மட்டும் துடைத்துவிடுவதே நல்லது.

பருத்தித் தொப்பி

விளையாட்டுக்கு அணியும் பருத்தித் தொப்பியைத் துவைப்பது எளிது. விளிம்பில் நெகிழி இருந்து, சாயமும் போகாது எனில் நீரில் நனைக்கலாம். உப்புக் கோடுகள் கரையும்படி முதலில் வெறும் நீரில் அலச வேண்டும். பின்னர், ஒரு வாளி குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சலவைத் திரவத்தைக் கலந்து, தொப்பியை 15 முதல் 20 நிமிடம் ஊறவைக்கலாம். பழைய பல்துலக்கியால் உள்பட்டையை மெல்லத் தேய்த்தால் எண்ணெய்ப்பசை இளகும். நுரை போகும்வரை நன்றாக அலச வேண்டும். சவர்க்காரம் எஞ்சினால் அதுவே புதிய அழுக்கை ஈர்க்கும். நெற்றியிலும் அரிப்பு உண்டாகும்.

தொப்பியைப் பிழியக் கூடாது. உலர்ந்த துவாலையில் வைத்து அழுத்தினால் நீர் வெளியேறிவிடும். பின்னர், துவாலையை உருட்டித் தொப்பிக்குள் வைத்தோ, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வைத்தோ வடிவம் கொடுத்துக் காயவைக்க வேண்டும். விளிம்பில் அட்டை இருந்தால், உள்பட்டையை மட்டும் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மறுபடியும் வெறும் நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

சீருடை இயக்கத்தின் கம்பளித் தொப்பி

முன்பு கூறிய மாணவரின் தொப்பி சுருங்கியதற்குரிய காரணத்தை இப்போது காண்போம். கம்பளி என்பது ஆட்டு உரோமம். நம் தலைமுடியைப் போலவே அதுவும் கெராட்டின் எனும் புரதத்தால் ஆனது. நுண்ணோக்கியில் பார்த்தால், உரோம இழையின்மேல் கூரை ஓடுகளைப் போன்ற செதில்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஈரத்திலும் வெப்பத்திலும் இழைகளை உராய்ந்தால் அவை ஒரு திசையில் நகரும். செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் திரும்பி வரமாட்டா. இழைகள் நெருங்க நெருங்கத் துணி சுருங்கித் தடிக்கும்.

வியப்பு என்னவெனில், கம்பளித் தொப்பி உருவாவதும் இவ்வாறுதான். ஈரம், வெப்பம், உராய்வு ஆகியவற்றைக் கொண்டே தொப்பி செய்பவர்கள் உரோமத்தை அடர்த்தியான துணியாக்குகின்றனர். வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திவிடுகின்றனர். சலவை இயந்திரம் அந்த வேலையை மீண்டும் தொடங்கி வைக்கிறது. தொப்பியை ஆக்கிய செயலே அதை அழிக்கவும் செய்கிறது.

எனவே, கம்பளித் தொப்பிக்கு வெந்நீர், தேய்த்தல், இயந்திரச் சுழற்சி ஆகிய மூன்றும் ஆகா. குளோரின் வெளுப்பியும் புரதத்தைச் சிதைக்கும். கறையிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் சில சலவைத்தூள்களில் சேர்க்கப்பட்டிருக்கும். அவை கம்பளியின் புரதத்தையும் விட்டுவைக்கா. இத்தொப்பிக்குக் குளிர்ந்த நீரும் சிறிதளவு தலைமுடிச் சம்புவும் போதுமானவை. உரோமமும் முடிதானே!

துவைக்கும் முன் உலோகச் சின்னத்தைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் துருக்கறை படியக்கூடும். தொப்பியை நீரில் அமிழ்த்தி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட வேண்டும், தேய்க்கக் கூடாது. அலசியபின் துவாலைக்குள் வைத்துச் சுருட்டி நீரை எடுக்க வேண்டும். பின்னர், தலையின் சுற்றளவுக்கு ஒத்த கிண்ணத்தின்மேல் விரித்து, சின்னம் இருக்கும் பகுதியை நிமிர்த்தி, மறுபுறத்தைச் சாய்த்து வடிவமைத்து நிழலில் உலர்த்த வேண்டும். சுயசேவைச் சலவை நிலையத்தின் சூடான உலர்த்தி இயந்திரம் இத்தொப்பிக்கு ஏற்றதன்று.

ஆயினும், இவ்வாறு துவைக்கும் தேவை அடிக்கடி எழாது. ஒவ்வொரு முறை அணிந்தபின்னும் மென்மையான தூரிகையால் தூசியைத் துலக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே தொப்பி நெடுநாள் தூய்மையாக இருக்கும்.

சொங்கோக்

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுன் நகரில், கையால் சொங்கோக் தைக்கும் தொழில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. தமிழ் முஸ்லிம்களும் அத்தொழிலில் ஈடுபட்டு வந்துள்ளனர். மலாய்க்காரர்களின் அடையாளமாகத் திகழும் ஒரு தொப்பி தமிழ் பேசும் கைகளால் தைக்கப்பட்டது பினாங்கின் பண்பாட்டு உறவுக்குச் சான்றாகும்.

சொங்கோக்கின் வெளிப்புறம் வெல்வெட். உட்புறம் மெல்லிய உள்துணி. இவ்விரண்டுக்கும் நடுவே அதை நிமிர்ந்து நிற்கச் செய்வது எது? கையால் தைக்கப்பட்ட பல சொங்கோக்குகளில் அது அடுக்கடுக்காக வைத்த தாள்தான். பழைய செய்தித்தாள்கூட இதற்குப் பயன்பட்டது. இதை அறியாமல் சொங்கோக்கை வாளி நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் தாள் ஊறிக் கூழாகும். காய்ந்தபின் அது மீண்டும் நிமிராது. தாத்தாவின் சொங்கோக் ஒன்றை அன்போடு துவைத்து வைக்க எண்ணியவர், அதை இழந்துபோக நேரிடலாம்.

ஆகவே, சொங்கோக்கைத் துவைக்கக் கூடாது, துடைக்கவேண்டும். வெல்வெட்டின் மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். மென்மையான தூரிகையால் அப்பக்கமாகவே துலக்கித் தூசியை நீக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பஞ்சையும் முடியையும் ஒட்டுநாடாவை மெல்ல ஒற்றி எடுக்கலாம். உட்புறத்தை மட்டும், நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காற்றில் உலர்த்த வேண்டும். வியர்வை அதிகமுள்ளவர்கள் உள்விளிம்பில் மெல்லிய பருத்தித் துணிப்பட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அதை மட்டும் எடுத்துத் துவைக்கலாம்.

நெட்டியும் ஓலையும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலப் படங்களில் அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் கவிழ்த்த கிண்ணம் போன்ற பெரிய தொப்பி அணிந்திருப்பதைக் காணலாம். 'சோலா தொப்பி' எனப்படும் அது கனமானதுபோல் தோன்றினாலும் மிக இலேசானது. காரணம், அதன் உள்ளே இருப்பது நெட்டி. நெட்டி என்பது நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் வெண்மையான, மென்மையான தண்டுப்பகுதி. தஞ்சாவூரில் கோவில் கோபுரம் முதலிய கலைப்பொருள்களைச் செதுக்கப் பயன்படுவதும் இந்நெட்டியே. நெட்டிக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது வெயிலின் வெப்பத்தை உள்ளே விடாது. ஆனால், நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஊறிவிடும். கடும் வெயிலைத் தாங்கிய இத்தொப்பி கடும் மழையைத் தாங்கியதில்லை. அருங்காட்சியகத்திலோ வீட்டுப் பரணிலோ இன்று இத்தகைய தொப்பி இருந்தால், உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வயலிலும் கடலிலும் உழைப்பவர்கள் அணியும் ஓலைத் தொப்பி இன்னொரு வகை. மூங்கிலும் ஓலையும் கொண்டு பின்னப்படும் இதனை மலாய் மொழியில் 'தெரெண்டாக்' என்பர். இது மழையைத் தாங்கும். ஆனால், ஈரத்தோடு மூலையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். கடலுப்பு படிந்திருந்தால் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, காற்றில் காயவிட வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற பனாமா தொப்பியும் ஓலைத் தொப்பியே. அதன் பெயர் பனாமாவாக இருந்தாலும் பிறப்பிடம் எக்குவடோர் நாடு. அங்கு 'தொக்கீயா' எனும் ஒருவகைச் செடியின் இழைகளால் அதைப் பின்னும் கலையை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பாரம்பரியமாக அங்கீகரித்தது. அத்தொப்பிக்கும் விதி இதுவே: ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறவைக்கக் கூடாது. மிகவும் உலர்ந்த ஓலை எளிதில் ஒடியும். எனவே, உச்சியைப் பிடித்துத் தூக்காமல் இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்து எடுப்பது நன்று.

தலைப்பாகை

இவையனைத்துக்கும் மாறானது தலைப்பாகை. அதற்கென உள்ளே அட்டையோ தாளோ கிடையாது. கட்டும்போது வடிவம் பெறும். அவிழ்த்தால் நீண்ட துணியாகிவிடும். சீக்கியர்களின் தலைப்பாகைத் துணி பொதுவாக ஐந்து மீட்டர் அளவில் இருக்கும். மகாகவி பாரதியார் கட்டிய முண்டாசும் துணியே. வெள்ளைப் பருத்தித் தலைப்பாகை என்றால் வண்ணாந்துறை முறைகள் அனைத்தும் அதற்குப் பொருந்தும். துவைக்கலாம், கஞ்சி போடலாம், வெயிலில் உலர்த்தலாம். சாயத் தலைப்பாகையைத் தனியே துவைத்து நிழலில் உலர்த்தினால் நிறம் மங்காது. தலையில் அணிபவற்றுள் துவைப்பதற்கு மிக எளியது இதுவே.

உயிர் காக்கும் தலைக்கவசம்

தொப்பி சுருங்கினால் இன்னொன்று வாங்கலாம். தலைக்கவசம் பழுதானால் இழப்பு அவ்வளவோடு நில்லாது. அதனால், தலைக்கவசத்தைத் தூய்மை செய்வதில் கூடுதல் கவனம் தேவை.

மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் வெளி ஓடு கெட்டியானது. ஆயினும், விபத்தில் தலையைக் காப்பதில் பெரும்பங்கு ஓட்டுக்குள் இருக்கும் வெண்ணிற நுரைப்படலத்திற்கு உண்டு. மோதும்போது அந்நுரை நசுங்கி, மோதலின் ஆற்றலைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. இந்நுரை பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் ஆனது. பெட்ரோல், சாயக் கரைப்பான் போன்றவை பட்டால் அது உருகிக் கரைந்துவிடும். ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் தாரையோ பசையையோ நீக்க எண்ணிப் பெட்ரோலால் துடைப்பவர், பளபளப்பான தலைக்கவசத்தைப் பெறலாம். பாதுகாப்பான தலைக்கவசத்தைப் பெறமாட்டார். கரைப்பான்கள் சிலவகை நெகிழி ஓடுகளிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களை உண்டாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து.

சரியான முறை மிகவும் எளியது. கழற்றக்கூடிய உள்மெத்தையைக் கழற்றி, மென்மையான சவர்க்கார நீரில் கையால் அழுத்தித் துவைத்து, நிழலில் முழுமையாக உலர்த்த வேண்டும். கழற்ற முடியாவிட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெளி ஓட்டையும் முகக்கண்ணாடியையும் சவர்க்கார நீரில் நனைத்த மென்மையான துணியால் துடைக்கலாம். முகக்கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்த பூச்சிகளைச் சுரண்டினால் கீறல் விழும். இரவில் எதிர்வரும் வாகன ஒளி அக்கீறலில் சிதறிப் பார்வையை மறைக்கும். ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு ஊறவைத்தால் அழுக்கு தானாகவே விட்டுவிடும்.

துறைமுகத்திலும் கட்டுமானத் தளத்திலும் அணியும் பாதுகாப்புத் தொப்பிக்கும் இதே விதிதான். துவைக்கும் வேளை அதைச் சோதித்துப் பார்ப்பதற்கும் ஏற்ற வேளை. விரிசலோ, அறுந்த பட்டையோ தென்பட்டால் அதை மாற்றிவிட வேண்டும். பலத்த மோதலுக்கு உள்ளான தலைக்கவசத்தை எவ்வளவு தூய்மை செய்தாலும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

துவைப்பவரின் பாதுகாப்பு

தொப்பி பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது. துவைப்பவரும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கடினமான கறையைக் கண்டதும் சிலர் கையில் கிடைத்த தூய்மிகளையெல்லாம் கலந்துவிடுவர். குளோரின் வெளுப்பியோடு வினிகர் போன்ற அமிலத்தைச் சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். அதனோடு அம்மோனியா உள்ள தூய்மியைச் சேர்த்தாலும் மூச்சுக்குழாயைத் தாக்கும் நச்சுவாயு உண்டாகும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு வேளையில் ஒரு தூய்மியை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

தொப்பித் தொழிலின் வரலாறும் இவ்வகையில் ஓர் எச்சரிக்கை தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கு உரோமத்தைத் தொப்பிக்கு ஏற்றதாக்கப் பாதரசச் சேர்மத்தைப் பயன்படுத்தினர். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் கைகால்கள் நடுங்கின, மனநிலையும் பாதிக்கப்பட்டது. அமெரிக்காவின் டான்பரி நகரத்தில் தொப்பித் தொழிலாளர்களிடையே இது பரவலாக இருந்ததால், அந்நோய்க்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர் வந்தது. அந்நாட்டுத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது 1941ஆம் ஆண்டில்தான். ஆகவே, அக்காலத்து உரோமத் தொப்பி எங்கேனும் கிடைத்தால், அதை வீட்டில் துவைக்க முற்படாமல் அருங்காட்சியகத் துறையினரிடம் காட்டுவதே அறிவுடைமை.

உலர்த்தலும் பாதுகாத்தலும்

பாகான் டாலாம் கடலோர வட்டாரம். காற்றில் எப்போதும் ஈரப்பதம் மிகுந்திருக்கும். மழைக்காலத்தில் துணி காய்வதற்கே இரண்டு நாளாகலாம். அரைகுறையாகக் காய்ந்த தொப்பியை அலமாரியில் பூட்டினால் சில நாளில் வாடை வீசும். கரும்புள்ளிகளாகப் பூஞ்சை தோன்றும். எனவே, தொப்பியைக் காலையில் துவைப்பது நல்லது. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உட்புறம் காற்றுப் படும்படி வைக்க வேண்டும். மழை நாளில் மின்விசிறியின் எதிரே வைக்கலாம். கடும் வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும். முடியுலர்த்தியின் வெப்பம் கம்பளியையும் பசையையும் கெடுக்கும்.

நன்கு காய்ந்த தொப்பியை ஆணியில் மாட்டினால் ஓரிடம் மட்டும் புடைத்துக்கொள்ளும். உள்ளே துணியையோ தாளையோ சுருட்டி வைத்து, மற்றப் பொருள்களின் எடை விழாத இடத்தில் வைப்பதே முறை.

இனி அந்த மாணவரிடம் மீண்டும் வருவோம். அவர் தொப்பியை இயந்திரத்தில் போடுவதற்கு முன், 'இது எதனால் ஆனது?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அணிவகுப்பில் அவர் தம் பழைய தொப்பியோடே நின்றிருப்பார். அழுக்கைப் போக்குவது எளிது. பொருளைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் போக்குவதுதான் திறமை. வெள்ளாவிக்கு வேட்டியைத் தனியாகவும் பட்டைத் தனியாகவும் பிரித்த அந்தப் பழைய சலவைத் தொழிலாளர்களிடம் இருந்தது அத்திறமையே. அடுத்த முறை வாளியில் நீர் நிரப்பும்போது, குழாயைத் திறப்பதற்கு முன் தொப்பியின் உட்புறத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். துவைப்பதா, துடைப்பதா, தூசி தட்டுவதோடு விடுவதா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.